என் வளர்ப்பு என்று சொன்னீர்கள்

இன்று காலை பொங்கலூர்ப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள், அம்மா. தூரத்துச் சொந்தம். கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்ப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் கைப்பையிலிருந்து சின்னப் பனியன் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வாங்கிப் பிரித்ததும் வெளுத்த புதுத் துணியின் வாசனை முகத்தில் ஏறியது. உங்கள் சேலையில், தலைமுடியில், நம் வீட்டுச் சோற்றில்கூட இருந்த வாசனை.

“ஏனுங்க்கா, நாம வளத்தற மாதிரி வருமுங்களா? இல்ல, பெத்தவங்க ரத்தந்தான் பேசுமுங்களா?” என்று அவள் கேட்டாள்.

என்னைக் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நன்றாக வரும், தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

பல்லடம் சாலையில் முன்பக்கம் நம் பனியன் கம்பெனி, பின்பக்கம் வீடு. அங்கேதான் நான் வளர்ந்தேன். தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். அவன் உங்களை ‘நீ, வா, போ’ என்பான். எனக்கு மட்டும் பேச்சு வரும்போதே ‘ங்க’ போடப் பழக்கினீர்கள். பொம்பளைப் பிள்ளை மரியாதையாகப் பேச வேண்டும் என்பீர்கள். சாமளாபுரத்து அத்தை, அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் என் தலையைச் சீவி, பவுடர் பூசி, மார்க் ஷீட்டோடு அவர் முன்னால் நிறுத்துவீர்கள். “பாருங்க நங்கையா, என் வளர்ப்பு” என்பீர்கள். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். அது உங்கள் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த வழக்கு என்பதும், நான் அதில் சாட்சி என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

தம்பி கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்தால், அப்படியே அவன் அப்புச்சி என்று உங்கள் அப்பாவை நினைத்துச் சிரிப்பீர்கள். நான் ஒருமுறை எறிந்தேன். நீங்கள் அடிக்கவில்லை. என்னைப் பார்த்து, “எங்க இருந்து வந்துச்சோ” என்றீர்கள். தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் இரண்டாவது வருடம். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். கம்ப்யூட்டர் வகுப்பில் உடன் படித்த ஒருவன் எனக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்து அட்டையை என் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். வாழ்த்துக்குக் கீழே நான்கு வரி, அவ்வளவுதான். நீங்கள் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தீர்கள். அட்டை உங்கள் பக்கத்தில் கிடந்தது. குரலை உயர்த்தவே இல்லை.

“உன்னையச் சொல்லி என்ன பண்றது கண்ணு. உன்னையப் பெத்தவ எப்படியோ, நீயும் அப்படித்தான வருவ.”

எனக்குப் புரியவில்லை. நீங்கள்தானே என்னைப் பெற்றீர்கள் என்று கேட்டேன். நீங்கள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “இல்ல,” என்றீர்கள். “உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பத்தொன்பது வயதில் எனக்கு அது அப்படித்தான் சொல்லப்பட்டது. எனக்குத் தெரியாது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், அம்மா.

மறுநாள் சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அத்தைதான் மிச்சத்தைச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த டெய்லர் ஒருத்தி, நம் கம்பெனியிலேயே தைத்தவள், கல்யாணமாகாமல் என்னைப் பெற்றாள். உங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. வேப்பங்கொட்டையை வெல்லத்தில் ஊறவைத்தாலும் வேம்புதான் முளைக்கும் என்று அத்தை தடுத்தாராம். வளர்க்கிற கையில்தான் இருக்கிறது, நான் வளர்த்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு என்னை எடுத்தீர்களாம். நான்காம் நாள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டதும் நீங்கள்தானாம். அவள் பெயரை அத்தை மறந்துவிட்டார்.

நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினீர்கள். கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்காரவைத்தீர்கள். பனியனை விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஓட்டை விழுந்தால் நூல் மட்டம் என்பார் மெஷினில் துணி பின்னியவர். நூல் கொடுத்தவர் ஊசி தேய்ந்துவிட்டது என்பார். இரண்டு பேரும் உங்களிடம்தான் வருவார்கள். யாருடைய தயவு அன்றைக்கு உங்களுக்குத் தேவையோ அவர் பக்கம் தீர்ப்புச் சொல்வீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிறப்பு விவரம் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். மூன்றாவது வரன் போனதும் நீங்கள் தேடுவதை விட்டுவிட்டீர்கள்.

அப்பா போன மறுவருடம் செல்வி வந்தாள். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற பெண், அவளும் தெற்கத்திக்காரிதான். தன் அம்மாவோடு நம் வீட்டுக் கூடத்தில் வந்து நின்றாள். ஐந்து மாதம். தம்பி மாடியிலிருந்து இறங்கவில்லை. நான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

என் பையன் அப்படிப்பட்டவன் இல்லை, கூட்டாளிகள் சேர்க்கை சரியில்லை, அவர்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்றீர்கள். செல்வியைப் பார்த்து, இவளுகளுக்கு இது ரத்தத்திலேயே இருக்கிறது என்றீர்கள். நான் பக்கத்தில் செம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

செல்வியின் அம்மா அழவில்லை. “நானும் வளத்துதாம்மா அனுப்புனேன். உங்க மவனுக்குச் சேர்க்கைன்னா எம் மவளுக்கு மட்டும் ரத்தமா?” என்றாள்.

நீங்கள் என்னைப் பார்த்து, இவர்களைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வா என்றீர்கள்.

வேறு யாரையும் அனுப்பியிருக்கலாம். டிரைவர் இருந்தார், சூப்பர்வைசர் இருந்தார். நான்தான் போனேன். மதுரை பஸ் புறப்படும்வரை செல்வியின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். “அக்கா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா” என்று அவள் ஜன்னல் வழியே கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை; பையை உள்ளே கொடுத்தேன். அப்படியொரு ஜன்னலில் என்னைப் பெற்றவளும் உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்றது நீங்கள். இப்போது உங்கள் இடத்தில் நான்.

உங்களுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது தம்பி கல்யாணமாகி, கம்பெனியை விற்றுவிட்டுப் பெங்களூர் போயிருந்தான். முதலில் மாதம் ஒருமுறை வந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தான். பிறகு போன்தான். மூன்று வருடம் நான் உங்களைக் குளிப்பாட்டினேன், புரட்டிப் போட்டேன், ஊட்டினேன். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள்: பெற்ற பையன் எட்டிப் பார்க்கவில்லை, எடுத்து வளர்த்த பெண் தாங்குகிறாள். கோணிய வாயால் நீங்கள் சொல்வீர்கள், “எ... வளப்பு.” கடைசியில் சாமளாபுரத்து அத்தையே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, “நீ செயிச்சுட்டடி” என்றார். உங்கள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் உங்கள் மலத்துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரில் ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசி மாதம் முழுக்க உங்களுக்கு ஒரே சொல்தான். “தம்பி.” விடிந்தால் தம்பி, இருட்டினால் தம்பி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவன் வந்தான். அது உங்களுக்குத் தெரியாது. இப்போதுதான் சொல்கிறேன்.

கோயமுத்தூரில் ஏதோ கல்யாணம், போகிற வழியில் வந்திருந்தான். காரை அணைக்காமல் கேட்டில் நின்று, அம்மா முழித்திருக்கிறார்களா என்று கேட்டான். நீங்கள் முழித்துத்தான் இருந்தீர்கள். அப்போதுதான் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்டு வந்திருந்தேன்.

“இப்பத்தான் கண்ணசந்தாங்க. எழுப்பட்டுமா?” என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், தூங்கட்டும், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லி ஒரு பை ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் உள்ளே வந்தேன். உங்கள் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. “தம்பி?” என்றீர்கள்.

“இல்லீங்கம்மா. பக்கத்து ஊட்டுக்காரங்க. மோட்டார் போடச் சொல்லிட்டுப் போறாங்க.”

இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கியது. அதையும் நான்தான் துடைத்தேன். வியாழக்கிழமை போய்விட்டீர்கள்.

அன்று உன்னை எழுப்பச் சொல்லியிருந்தால் பார்த்திருப்பேனே என்று தம்பி உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனே கொள்ளி வைத்தான். பெற்ற மகளாட்டம் பார்த்தாள் என்று என்னை ஊரே சொன்னது.

பல நாள் யோசித்தேன், அம்மா. குரல் உயராமல், ‘ங்க’ போட்டு, ஒருவரை உயிரோடு அறுக்க உங்களிடம்தான் கற்றேன் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு நாள் குழந்தையை விட்டுப் பஸ் ஏறியவளின் ரத்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம். எது சொன்னாலும் மனம் கொஞ்சம் லேசாகிறது. அதனாலேயே இரண்டையும் நம்ப முடியவில்லை. கேட்டுக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவே இருபது அடி. அந்த இருபது அடியில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. உண்மையைச் சொல்லலாமா என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. கேட்டைச் சாத்தியதும் என் கைதான். அந்தக் கையால்தான் இன்னும் எல்லா வேலையும் செய்கிறேன்.