அம்மா பெயருக்கு முன்னால் ஒரு சுழி

செவ்வாய், மாலை

என் செல்லம் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தனியாக விசாரித்தால் அது வேறு பதில் சொல்லும், அதனால் விசாரிக்க வேண்டாம். உன் உடம்பும் மனதும் எப்படி இருக்கின்றன என்று நீ எழுதித்தான் எங்களுக்குத் தெரியவேண்டும். போனில் தட்டினால் ஒரு நிமிடத்தில் வந்து சேருகிற விஷயத்துக்கு அப்பா எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று யோசிப்பாய். நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். நீ என்னிடம் மட்டும் சொன்னாயே, இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பியானோ பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்ந்துவிட்டேன், மூன்று மாதம் தாண்டி வேலை நிலைக்கிற வரைக்கும் அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று, அது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். எப்படிச் சொன்னேன் என்பதை நேராக எழுத வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் நாங்கள் லிஃப்ட் மெக்கானிக்குகள் பதினோரு பேரும் ஒன்று கூடினோம். தேய்ந்த பாகங்களைப் படம் எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது பேச்சு. ஒரு கட்டிடத்தில் பிரேக் கட்டை கோணலாகத் தேய்ந்திருந்தால் அதே மாதிரி மெஷின் வைத்திருக்கிற மற்றவர்களும் அன்றைக்கே போய்ப் பார்க்கவேண்டும் இல்லையா. இதுவரை எல்லோரும் இருக்கிற அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் போடுகிற படம் எங்களுக்கே வந்து சேருவதில்லை, நடுவில் நாலு பேர் ஆடுகிறார்கள், ஒருவர் சமைக்கிறார், அப்புறம் எங்களுக்கே லிஃப்ட் விற்கிற விளம்பரம் வருகிறது. வேறு இடம் பார்க்கலாம் என்றதும் ஐந்தடிகூட இல்லாத எங்கள் நெட்டை எழுந்து நின்று, இவருக்கு எல்லாம் தெரியும், மகள் இவரை எங்கேயோ சேர்த்துவிட்டிருக்கிறாள் என்று என்னைக் கைகாட்டிவிட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த என்னை நிபுணன் என்று சொன்னால் மறுக்க மனசு வருமா. நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு நோட்டும் வாங்கிவிட்டேன்.

நீ எங்களை மாஸ்டடான் என்கிற இந்தச் சின்ன வலைத்தளத்தில் சேர்த்தபோது ஏன் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. அந்தப் பெரிய தளத்தில் உன் பிறந்தநாள் படம் ஒன்பது நாள் கழித்துத்தான் என் கண்ணில் பட்டது, இங்கே நீ போட்ட நிமிடமே வருகிறது, எனக்கு அது போதும் என்றிருந்தேன். இப்போது நோட்டு கையில் இருப்பதால் பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து, எதில் இருக்கிறீர்கள், ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். மூன்றாவது மாடிப் பல் டாக்டர் லிஃப்டைச் சர்வீஸ் பண்ணும்போதெல்லாம் வந்து நிற்பாரே, அவரும் மாஸ்டடானாம், ஆனால் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற வேறொரு சர்வராம். ஒரு தடவை பல் பிடுங்குகிற குறடு ஒன்றைத் தேடிப் பார்த்தாராம், அதற்கப்புறம் ஆறு மாதம் அந்தக் குறடு போகிற இடமெல்லாம் அவரைத் துரத்தியதாம். இங்கே விளம்பரம் இல்லை, எழுதின வரிசையிலேயே வருகிறது, இரண்டு நோயாளிக்கு நடுவில் பத்து நிமிடம் படித்தால் விட்ட இடம் வரைக்கும் வந்து முடிந்துவிடுகிறது என்றார். முடிவு இருக்கிறது என்பதை அவர் சொன்ன விதம், நீண்ட நாள் பல்வலி விட்ட மாதிரி இருந்தது.

எங்கள் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற அக்கா புளூஸ்கை என்கிற இன்னொரு தளத்தில் இருக்கிறார். பறவை பார்க்கிறவர்கள் கூட்டமாக அங்கே போனதால் இவரும் போனாராம். அதில் என்னென்ன வரவேண்டும் என்று நாமே வகை வகையாகத் தேர்ந்தெடுக்கலாமாம், பறவைக்கு ஒன்று, மழை நிலவரத்துக்கு ஒன்று வைத்திருக்கிறார். அது உண்மையிலேயே பரவலாக்கப்பட்டதுதானா, ஒருத்தர் கையில் மட்டும் இல்லையே அக்கா என்று என் நோட்டைப் பார்த்துக் கேட்டேன். அதெல்லாம் எனக்குத் தெரியாது, பறவை வருது என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். உன் சின்ன மாமா கதை வேறு. அவன் மேட்ரிக்ஸ் என்று செய்தி அனுப்புகிற ஒன்றை வைத்துக்கொண்டு, செருப்பு அலமாரிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டு, என் பேச்சு என் வீட்டைத் தாண்டக்கூடாது என்கிறான். அத்தனை பாதுகாப்பாக யாரிடம் என்ன பேசுகிறான் என்று பார்த்தால், அடுத்த அறையிலிருந்து உன் அத்தை உப்பு தீர்ந்துவிட்டது என்று அனுப்பியிருக்கிறாள். ஆளுக்கொரு இடம், ஆளுக்கொரு காரணம், ஆனால் எல்லோரையும் கிளறிப் பார்த்தால் அடியில் இருப்பது ஒன்றுதான் குட்டிம்மா, தனக்கு வேண்டிய நாலு பேர் எங்கே இருக்கிறார்களோ அங்கே போயிருக்கிறார்கள், அந்த நாலு பேருக்கு நடுவில் வேறு யாரும் வந்து நிற்கக்கூடாது என்று பார்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றே ஒன்று. டாக்டர் வேறு சர்வர், நான் வேறு சர்வர், அப்புறம் எப்படி அவர் எழுதுவது எனக்கு வருகிறது. இதைக் கேட்கத்தான் நேற்று மத்தியானம் நூலகத்துக்குப் போனேன். நாம் இருக்கிற சர்வரை நடத்துவது நூலகத்து மேடம்தானே, மொத்தம் அறுபத்துமூன்று பேர், அதில் எழுதுகிறவர்கள் இருபது, அந்த இருபதில் பாதி உன் அம்மா. மேடம் பழைய பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு எனக்கு நாற்காலி போட்டுப் பொறுமையாகச் சொன்னார். என் பாஷையில் நான் புரிந்துகொண்டது இது. பெரிய தளம் என்பது ஊரளவு ஒரே கட்டிடம், ஒரே மெஷின் ரூம், அதன் சாவி ஒருத்தர் இடுப்பில், அவர் நிறுத்தினால் அத்தனை மாடியும் நின்றுவிடும். இங்கே சின்னச் சின்னக் கட்டிடங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மெஷின் ரூம், ஆனால் கட்டிடத்துக்குக் கட்டிடம் நடைபாலம் போட்டிருக்கிறார்கள். பிடிக்காவிட்டால் சாமானைக் கட்டிக்கொண்டு அடுத்த கட்டிடத்துக்குப் போகலாம், நம்மைப் பின்தொடர்கிறவர்களும் கூடவே வந்துவிடுவார்கள், பழைய எழுத்து மட்டும் பழைய வீட்டிலேயே இருந்துவிடும். நான் இப்படிச் சொன்னதும் மேடம் சிரித்து, உங்கள் பதினோரு பேரும் இங்கேயே வரலாம், சண்டை போடக்கூடாது என்றார். நாங்கள் உயரத்தில் வேலை செய்கிறவர்கள், சண்டை போட நேரம் ஏது என்றேன்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். நோட்டில் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. தனிச் செய்தி என்று இருக்கிறதே, அதற்குப் பூட்டு உண்டா என்று கேட்டேன். பூட்டெல்லாம் இல்லை, அது கவர் இல்லை, போஸ்ட்கார்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம், நான் படிப்பதில்லை, இருந்தாலும் ரகசியம் எழுதாதீர்கள் என்றார். அதோடு போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னார், அந்தச் சுழியைப் பார்த்துப் போடுங்கள் சார், தனிச் செய்திக்குள் யார் பெயருக்கு முன்னால் சுழி போட்டாலும் அந்தச் செய்தி அவர்களுக்கும் போய்விடும். நான் நோட்டை மூடிவிட்டேன். மின்னஞ்சல் முகவரிக்கு நடுவில் வருமே குட்டிம்மா, அந்தச் சுழியைத்தான் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் இதே மேடம்தான், ஒருவரைப் பற்றி எழுதும்போது சுழி போட்டு எழுதுவது மரியாதை, அவர்களுக்கும் தெரியவேண்டும் இல்லையா என்று சொல்லிக்கொடுத்தார். நான் மரியாதையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. திரு, திருமதி போடுகிற மாதிரி இதுவும் ஒன்று என்று நினைத்து எல்லோர் பெயருக்கும் முன்னால் போட்டுவந்தேன். நெட்டைக்குக்கூடப் போட்டேன், அவர் அங்கே இல்லவே இல்லை.

அன்றைக்கு உன் செய்தி வந்தபோது நான் மெஷின் ரூமில் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். உடனே பதில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று நேற்று நூலகப் படியில் நின்று திரும்பப் படித்தேன். சரிம்மா, நீ ஆபீஸை விட்டுப் பியானோ பட்டறையில் சேர்ந்ததைப் பாசியம்மாவிடம் மூச்சு விடமாட்டேன், பாசியம்மா கேட்டால் எதையாவது சொல்லி மழுப்பிவிடுகிறேன், பாசியம்மாவுக்கு அதிர்ச்சி தாங்காது. மூன்று தடவை. அம்மா அங்கே வைத்துக்கொண்டிருக்கிற பெயரை, சுழியோடு, படத்தோடு, பட்டியலிலிருந்து பொறுக்கி எடுத்து மூன்று தடவை மரியாதை பண்ணியிருக்கிறேன். நீயும் கவனிக்காமல், பார்த்தேன் என்பதற்கு ஒரு நட்சத்திரத்தைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய், நீயும் என் மகள்தானே. அல்லது கவனித்துவிட்டு, அப்பா கையாலேயே போகட்டும் என்று விட்டுவிட்டாயோ என்று எனக்கொரு சந்தேகம். கேட்கமாட்டேன்.

நாள் கணக்குப் பார்த்தேன், இருபத்துமூன்று நாள். அம்மா பார்த்தாளா இல்லையா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து வந்த கையோடு மேசையில் ஒரு செங்கல் துண்டை வைத்து லென்ஸால் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாசிப் படங்களைப் பின்தொடர்கிறவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள் தெரியுமோ, எந்த நாட்டிலோ இருக்கிற ஒரு பேராசிரியர் அவளோடு வாதாடிவிட்டுப் போன வாரம் தோற்றுப்போனார். எனக்கு மொத்தம் பதினான்கு பேர், அதில் நாலு பேர் ஒரு வரிகூட எழுதாதவர்கள். நான் மேசையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, மேடம் சொல்லிட்டாங்களா என்றாள். அவ்வளவுதான், நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த நிமிடமே பார்த்திருக்கிறாள், இடைவேளையில், சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது. பார்த்தவள் ஏன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் வாயால் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஆபீஸ் எப்படிம்மான்னு நான் கேட்டா அவ எதையாவது சொல்லணும்ல. நான் கேட்டுத்தானே அவ பொய் சொல்ல வேண்டிவரும். அதான் கேக்குறதையே விட்டுட்டேன்."

நீ யோசித்துப் பார் குட்டிம்மா. இந்த இருபத்துமூன்று நாளில் அம்மா உன்னிடம் போனில் ஆபீஸைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாளா. சாப்பாடு கேட்டிருப்பாள், தலைமுடி கொட்டுவது கேட்டிருப்பாள், குளிர் கேட்டிருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை விட்டால் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவன் என்று ஊரில் பெயர் எடுத்த எனக்கு இது காதில் விழவில்லை.

கோபமே இல்லையா என்றேன். இருக்கிறது என்றாள். நீ வேலையை விட்டதில் கொஞ்சம்தானாம். அந்த வேலைக்கு நீ எழுதின பரீட்சைக்கு அவளும் உன்னோடு உட்கார்ந்து படித்தவள் ஆச்சே, வருத்தம் இல்லாமல் இருக்குமா, ஆனால் அது ஒரு வாரத்தில் போய்விட்டதாம். என்மேல்தான் பெரிய கோபம். "எனக்கு அதிர்ச்சி தாங்காதுன்னு யார் சொன்னது உங்களுக்கு" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் அதிர்ச்சி தாங்காத ஆள் நான்தான். அப்புறம் அவள் தன் போனைத் தள்ளிவைத்துக் காட்டினாள். பியானோ பழுதுபார்க்கிறவர்கள் எழுதுவதை எல்லாம் பின்தொடர்கிறாள், மூன்று பேரோடு பேசவே செய்கிறாள், அதில் ஒரு பெரியவர், பியானோவுக்குள் கம்பியைத் தட்டுகிற சுத்தியல் ஒன்று உடைந்து கிடப்பதைத் தினமும் படம் போடுகிறார். ஒரு பியானோவில் இருநூற்று முப்பது கம்பி வரைக்கும் இருக்குமாம், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு டன் கணக்கில் வருமாம். கம்பியைப் பற்றி, அதுவும் இழுவிசையைப் பற்றி, உன் அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன், நன்றாகவும் இருந்தது.

அதனால் அப்பா சொல்வதைக் கேள். இதைப் படித்த அன்றைக்கே வேண்டாம், அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் பண்ணு, எனக்கு இல்லை, அம்மாவுக்கு. மூன்று மாதம் முடியட்டும் என்று இருக்காதே. நிலைத்த வேலையைத்தான் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆட்டம் காண்கிற வேலையையும் சொல்லலாம். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்காதே, அம்மா தெரியாத மாதிரி நடிக்கமாட்டாள், அது அவளுக்கு வராது. மன்னிப்பும் நீ கேட்க வேண்டாம், அதை நான் நேற்றிலிருந்து உன் பங்கையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதப்போகிறேன் என்றேன், எழுதுங்க, நான் கேள்வி கேக்காம இருந்ததை மட்டும் எழுதாதீங்க என்றாள். அதையும் எழுதிவிட்டேன். என்னை நம்பி இனிமேல் யாரும் எதையும் சொல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் நல்லது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், உன் காதுதான் இனி உனக்குச் சோறு போடப்போகிறது. பட்டறையில் மூத்தவர்கள் சொன்னால் முகம் சுளிக்காமல் கேள், தப்பாகச் சொன்னால் இரண்டு தடவை கேள். எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உன்கூட இருக்கிறது, கை நிறைய வேலையும் மனசு நிறைய தெம்புமாக இரு. போன் பண்ணுவதற்கு முன் ஒன்றை மட்டும் நினைவில் வை, அம்மா ஒரு காகிதத்தில் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள், என்னிடம் காட்டவில்லை, முதல் கேள்வியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டேன். முறுக்கும்போது கம்பி அறுந்தால் முகத்தில் அடிக்குமே, உனக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்களா என்பது. அதற்கு உண்மையான பதிலோடு போனை எடு, கொடுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒன்று வாங்கிவிடு.

இப்படிக்கு,
உன்னை என்றும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா