மெஷின் லேப்: தொண்ணூற்றாறு மார்க்

செப்டம்பர் 8, திங்கள்

கல்லூரி வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதன் முன் நான்கு நிமிடம் நின்றேன். கண்ணாடியைக் கழற்று என்றது, மறுபடி போடு என்றது, கடைசியில் நான் பதிவிலேயே இல்லை என்றது. பத்தொன்பது வருடமாக இங்கே எலெக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவளை! வாட்ச்மேன் பக்ருதீன் பாய் சிரித்துக்கொண்டே பழைய நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டார். கருமம்.

அதைச் சரிசெய்ய ஒரு இன்ஜினியர் வருகிறாராம். மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார்.

செப்டம்பர் 11, வியாழன்

என் வீட்டுக்காரர் சேவியருக்கு டயாலிசிஸ். திங்களும் வியாழனும் இதே பாடு. நாலு மணி நேரம் மனுஷன் அசையாமல் படுத்திருக்க வேண்டும், நான் பக்கத்தில் விடைத்தாள் திருத்த வேண்டும். அடுத்த கட்டிலில் ரெட்டியார்சத்திரத்துத் தங்கமுத்து. அவர் மனைவி ஜக்கம்மாள்தான் தக்காளித் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார்.

கிளினிக்கில் புது இன்ஜினியர் சேர்ந்திருக்கிறான். யாரென்று பார்த்தால் நம் முகேஷ்குமார்! இரண்டு வருடம் முன்பு என்னிடம் படித்து முடித்தவன். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். எல்லாமே இப்போது ஆட்டோமேட்டிக் என்றான். நம்ம பிள்ளை கையில் இருக்கிறீர்கள், பயப்படாதீர்கள் என்று சேவியரிடம் பெருமையாகச் சொன்னேன்.

செப்டம்பர் 19

புதிதாக ஆரம்பித்த செயற்கை நுண்ணறிவுப் பிரிவில் இந்த வருடம் சேர்ந்தவர்கள் நூற்றிருபது பேர். எங்கள் பிரிவில் பதினொன்று. வீட்டில் ஃபேன் மாட்ட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 24, புதன்

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலையிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் டெஸ்டரைக் கொடுத்து, பிளக் பாயிண்டில் எந்த ஓட்டையில் கரண்ட் வருகிறது என்று கேட்டார் அந்த அம்மா, இளவேனில். ஒருத்தன் டெஸ்டரைத் தலைகீழாகப் பிடித்தான். இன்னொருத்தி போனில் தேடிச் சொல்லலாமா என்று கேட்டாள். ஒருவரையும் எடுக்கவில்லை. மூன்று வருடமாக ஆள் தேடுவதாகச் சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோறுதான திங்கிறீங்க என்று வகுப்பில் கத்திவிட்டேன். என்ன ஜென்மங்களோ.

அக்டோபர் 8

திங்கள்கிழமை காய்ச்சல் என்று சேவியர் டயாலிசிஸ் போகவில்லை. இன்று கால் இரண்டும் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது. நாளைக்குத் தவறவே கூடாது.

அக்டோபர் 9, வியாழன்

எழுதவே கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று மழையில் கிளினிக் தெருவில் டிரான்ஸ்பார்மர் போய், ராத்திரி சரிசெய்திருக்கிறார்கள். காலையில் நாங்கள் போனபோது மெஷின் திரை சிவப்பாக இருந்தது. சுத்தம் செய்த தண்ணீர் வந்தால்தான் டயாலிசிஸ் மெஷின் வேலை செய்யும். பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை. முகேஷ்குமார் ஆப்பில் போட்டோ ஏற்றுகிறான், சென்னைக்குப் போன் போடுகிறான். அங்கே ஒரு குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்கிறது. மதுரைக்குக் கொண்டு போய்விடுங்கள் என்றார் டாக்டர். சேவியர் உட்கார்ந்த வாக்கில் மூச்சுக்குத் தவிக்கிறார். ஆண்டவரே, எப்படிக் கொண்டுபோவேன்?

தள்ளுடா, நான் பார்க்கிறேன் என்று பம்ப் அறைக்குள் போனேன். மோட்டாருக்குக் கரண்ட் போகும் பெட்டியைத் திறந்தேன். அவ்வளவுதான். சர்க்யூட் படம் முழுக்க மனதில் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போர்டில் போடுவேன். எதிரில் இருக்கும் வயரில் எது எதுவென்று தெரியவில்லை. ஒன்றைத் தொடப் போகிறேன், கையை இழுத்துக்கொள்கிறேன். என் புருசன் வெளியே—

தங்கமுத்துவின் மனைவி ஜக்கம்மாள் வாசலில் நின்று செத்த நேரம் சத்தத்தைக் கேட்டார். குனிந்து மோட்டாரின் பின்பக்க விசிறியைப் பார்த்தார்.

"எதிர்ப்பக்கமால்ல சுத்துது. லைன்மேன் வந்துட்டுப் போனா எங்க தோட்டத்துலயும் இந்தக் கூத்துதான். மெயின அமத்திட்டு ரெண்டு வயர மாத்திக் குடுங்கம்மா."

இதையேதான் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். மூன்று பேஸ் வயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், திரும்ப மாற்றினால் சரியாகும். இரண்டு மார்க் கேள்வி. நானும் நகரவில்லை, முகேஷ்குமாரும் நகரவில்லை. அந்த அம்மா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, அவரே மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஸ்க்ரூவைக் கழற்றினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் ஏறியது.

சேவியர் இப்போது தூங்குகிறார். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

அக்டோபர் 10

முகேஷ்குமார் போன் செய்தான். திட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

"மேம், நான் லேப்ல ஒரு தடவகூட வயரத் தொட்டதில்ல. நீங்க எனக்குத் தொண்ணூத்தாறு போட்டீங்க. எதுக்கு மேம் போட்டீங்க?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

எதுக்குப் போட்டேன்? தேர்வுக்கு முந்தின நாளே லேப் உதவியாளர் சடையாண்டி எல்லா மோட்டாருக்கும் வயர் மாட்டி வைத்துவிடுவார். பிள்ளைகள் வந்து சுவிட்சை மட்டும் போடுவார்கள். வெளித்தேர்வாளருக்குப் பிரியாணி வரும். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் மார்க் பட்டியல் தயார். மோட்டார் புகைந்துவிடக் கூடாதே என்று அந்த ஏற்பாட்டைச் செய்ததே நான்தான். நான் படித்த கல்லூரியிலும் இப்படித்தான். என் மார்க் தொண்ணூற்றெட்டு. தூ!

அக்டோபர் 15

வயர் மாட்டக் கற்றுக்கொடுங்கள் என்று சடையாண்டியிடம் கேட்டேன். நான்தான் இருக்கேனே, உங்களுக்கெதுக்கு மேடம் என்றார். விடவில்லை. இரண்டு ஃபியூஸ் போனது. மூன்றாம் முறை ஓடியது, அதுவும் எதிர்ப்பக்கம். நானே மாற்றினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இரண்டாமாண்டு மெஷின் லேப் தேர்வு. ஒரு மோட்டாரிலும் வயர் மாட்டக் கூடாது என்று சடையாண்டியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மூன்று வாரம் முழுக்க எல்லாரையும் வயரைத் தொடவைத்தும், பதினெட்டுப் பேரில் ஏழு பேர்தான் ஓட்டினார்கள். வெளித்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரியாணி ஆறிப்போனது.

நவம்பர் 6, வியாழன்

பதினொரு பேர் ஃபெயில் என்றால் அடுத்த வருடம் யார் சேருவார்கள் என்று பிரின்சிபால் கேட்டார். பட்டியலை மாற்றி எழுதச் சொன்னார். அடுத்த வருடம் எனக்கு இங்கே வேலை இருக்குமா என்றும் யோசித்துக்கொள்ளச் சொன்னார். சேவியருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். பட்டியல் அப்படியேதான் இருக்கிறது.

கிளினிக்கில் பம்ப் அறையை எட்டிப் பார்த்தேன். மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் அம்புக்குறி போட்டிருக்கிறான் முகேஷ்குமார். கோணலாக இருக்கிறது. விரல் நகத்தில் பெயின்ட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றான். அம்புக்குறியையும் விசிறியையும் மூன்று முறை பார்த்தேன்.

சரியாகத்தான் போட்டிருக்கிறான்.