திருத்திய பிரதி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நானும் கடையும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் சிவப்புப் பேனாவும் சுகமா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் "வந்து…" என்று இழுப்பதற்குள் நீங்கள் என் வாக்கியத்தை முடித்து, திருத்தி, பதிலும் சொல்லிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் சும்மா இருந்துதான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் நடத்தும் 'வாஷிங் மெஷின் வைத்தியம்' இணையக் குழு உங்களுக்குத் தெரியும். ரிப்பேருக்கு வருகிறவர்கள் கேட்டதையே கேட்கிறார்களே என்று விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது நாலாயிரம் பேர். ஆனால் அவர்கள் எழுதுகிற லட்சணம் சகிக்கவில்லை. நேற்று ஒருவர் ஒரே மூச்சில் முப்பது வரி எழுதியிருந்தார். எங்கேயும் ஒரு புள்ளி கிடையாது. ஆடுவது மெஷினா, அவருடைய மாமியாரா என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு பதில் சொல்ல, இன்னொருவர் முறைக்க, நான் காலையில் கடை ஷட்டரைத் தூக்குவதற்குள் பதினெட்டுப் பேர் சண்டையில் இருந்தார்கள்.

நீங்கள் அச்சகத்தில் இருபத்தைந்து வருடமாகப் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவர். எங்கள் குழுவுக்கு மேற்பார்வையாளராக வந்து, இந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் ஒழுங்காக எழுத வையுங்கள். நல்ல எழுத்தும் நடுவில் உண்டு. 'ஸ்பேனர்' என்ற பேரில் ஒருவர் எழுதுகிறார். அவர் எழுதுவதைப் படிக்கவே பாதிப் பேர் குழுவில் இருக்கிறார்கள்.

அண்ணன் எப்போது வருகிறாராம்?

உங்கள் பிரியமுள்ள நாத்தனார்,
வாலு

பி.கு.: இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.


ஜனவரி 20

என் அருமை வாலுக்கு,

ஒன்பது பிழை. மனதுக்குள்தான் திருத்தினேன்.

குழுவில் சேர்ந்துவிட்டேன். பேர் 'சிவப்புப் பேனா'. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேன். பக்கத்து அறையில் மெஷின் ஓடும்போது என் தேநீர்க் கோப்பை மேசையில் தானாக நகரும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உன் நாலாயிரம் பேரையும் திருத்துகிறேன். பல வருடமாக மற்றவர்களின் ஆண்டறிக்கைகளையும் பொறியியல் பாடநூல்களையும் படித்துக் காய்ந்துபோயிருந்தேன். இது எனக்குக் கொண்டாட்டமாக இருக்கிறது.

நீ சொன்ன ஸ்பேனரையும் படித்தேன். "மெஷின் துணி பிழியும்போது நடந்து நடந்து சமையலறை வாசலுக்கு வந்து நிக்குதுன்னா அதுக்குப் பசிக்கல அடியில ஒரு காலு மத்ததவிடக் குட்டை அவ்ளோதான்" என்று எழுதியிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் கம்போசிங் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

உன் அண்ணன் வர இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். இப்போது பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் நாலு லிஃப்ட் மாட்டுகிறாராம். தினமும் ஏழு மணிக்குப் போன் வரும். "சாப்ட்டியா, வீட்டைப் பூட்டினியா, கேஸ மூடினியா." அவ்வளவுதான், முடிந்தது. நான் குறை சொல்லவில்லை, அவர் தங்கமான மனிதர். ஆனால் இந்த இருபத்திரண்டு வருடத்தில் வெளியூரிலிருந்து எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு கடிதம் எழுதினார். நானும் உடனே திருத்தி அனுப்பினேன். அத்தோடு சரி. முகம் தெரியாத ஸ்பேனர் நாலாயிரம் பேரோடு இப்படிப் பேசுகிறார். கட்டிய பெண்டாட்டியிடம் பேச உன் அண்ணனுக்கு வார்த்தை இல்லை.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

என்னைக் கோபிக்காமல் படியுங்கள். பாதியில் நிறுத்தவும் கூடாது.

நீங்கள் வந்த முதல் வாரம் எல்லாரும் மகிழ்ந்தார்கள். இரண்டாவது வாரம் பயந்தார்கள். இப்போது குழு ஆளில்லாத வீடு மாதிரி இருக்கிறது. ஒவ்வொருவர் பதிவுக்குக் கீழேயும் சிவப்பு எழுத்தில் பட்டியல் போடுகிறீர்கள். எல்லாம் சரியான திருத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன திங்கட்கிழமை ஒரு டீச்சரம்மா மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது, அவசரம் என்று எழுதினார். நீங்கள் ஆறு பிழை குறித்தீர்கள். மேற்பார்வையாளரே கவனித்துவிட்டார் என்று மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். தண்ணீரை எப்படி நிறுத்துவது என்று யாருமே சொல்லவில்லை. தண்ணீர் படுக்கையறைவரைக்கும் போய், செருப்பு மிதந்ததாம். "என் எழுத்து இப்ப சரியா இருக்கு, வீடுதான் ஈரமா இருக்கு" என்று எழுதிவிட்டு அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மூன்றாம் தேதி ஸ்பேனர் பெல்ட் மாற்றுவது பற்றி எழுதினார். பதினான்கு திருத்தம் போட்டீர்கள். அன்றோடு அவர் வாயை மூடிவிட்டார். தினமும் யாராவது "ஸ்பேனர் எங்கே?" என்று கேட்கிறார்கள். அவர் யாரென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். எப்படியாவது அவரை மறுபடி எழுத வையுங்கள், அண்ணி. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வாலு


பிப்ரவரி 24

வாலுக்கு,

உன் கடிதத்தை முழுவதும் படித்தேன், பாதியில் நிறுத்தவில்லை. கோபம் வந்தது, போய்விட்டது, மறுபடி கொஞ்சம் வந்திருக்கிறது.

டீச்சரம்மா விஷயத்தில் தப்பு என்மேல்தான். அந்தச் செருப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஸ்பேனர் எதற்காக வருத்தப்பட வேண்டும்? அவர் எழுத்து பிடித்ததால்தான் பதினான்கு குறித்தேன். பிடிக்காததை நான் இரண்டு கோட்டோடு விட்டுவிடுவேன்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியாது. புரூஃப் வரும். நான் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்புவேன். குறித்ததையெல்லாம் சரிசெய்து சுத்தமான பிரதி வரும். அதைப் பார்த்து, கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். சிவப்பு மை பாதி வழிதான். முடிவு அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. ஸ்பேனருக்குத் தனியாகவும் எழுதிக் கேட்டேன், "திருத்திய பிரதி எப்போது?" என்று. படித்திருக்கிறார். பதில் போடவில்லை.

உன் அண்ணன் எழுதிய அந்த ஒரே கடிதத்தையும் நான் அப்படித்தான் செய்தேன். பெண் பார்த்துவிட்டுப் போன மறு வாரம் வந்தது. எட்டுப் பக்கம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை, உங்கள் அப்பாவின் ரிப்பேர் கடை, உன் சேட்டை, எல்லாம் இருந்தது. கடைசி வரியில் ஒரு கேள்வி: வீட்டில் சொல்கிறார்கள் என்பதற்காகவா, உங்களுக்கே என்னைப் பிடித்துத்தானா? எனக்கு எட்டுப் பக்கமும் பிடித்திருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து பதினேழு இடம் குறித்துத் திருப்பி அனுப்பினேன். சுத்தமான பிரதி வரும், அதில் பதில் எழுதலாம் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பெரியவர்கள் தேதி குறித்தார்கள், கல்யாணம் நடந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, பழைய கதை. ஸ்பேனரிடம் நான் கோபக்காரி இல்லை என்று சொல்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உட்கார்ந்துகொள்ளுங்கள். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வையுங்கள்.

ஸ்பேனர் அண்ணன்தான்.

வாக்கை மீறிவிட்டேன், அவரிடம் நான் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அப்பாவின் கடையில் எனக்கு மெஷின் பிரிக்கக் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். சைட்டில் வேலை முடிந்து அறையில் தனியாக உட்கார்ந்திருப்பாரே என்று நான்தான் எழுதச் சொன்னேன். வேறு பேரில் என்றால் எழுதுகிறேன் என்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை, உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு புரிந்தது.

நேற்றுப் போன் செய்தேன்.

"ஏண்ணே எழுதறத நிறுத்திட்டீங்க?"

"எனக்கு எழுத வராதும்மா. உங்கண்ணி அன்னைக்கே சொல்லிட்டா. நான்தான் மறந்துபோய் மறுபடி ஆரம்பிச்சேன்."

"பழைய லெட்டர்ல நீங்க ஒண்ணு கேட்டீங்களாமே. அதுக்கு அண்ணி பதில் சொல்லவே இல்லையாமே?"

"சொன்னாளே. சிவப்புல."

பிறகு அவரே சொன்னார், அந்தக் கடிதம் இன்னும் அவருடைய டூல் பெட்டியில், ஸ்பேனர் வைக்கிற தட்டுக்கு அடியில் இருக்கிறதாம். "தூக்கிப் போட மனசு வரல. எவ்வளவு அழகான கையெழுத்துல திருத்தியிருக்கா தெரியுமா" என்றார்.

அண்ணி, உங்களுக்கு அது பாதி வழி. அண்ணனுக்கு அது முகத்தில் அடித்துச் சாத்தின கதவு. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அச்சக வழக்கம் எப்படித் தெரியும்? வீட்டில் சொன்னதற்காகத்தான் நீங்கள் கழுத்தை நீட்டினீர்கள் என்று நினைத்துக்கொண்டே இத்தனை வருடம் உங்களிடம் சாப்பிட்டீர்களா, பூட்டினீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இனி நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்.

வாலு


மார்ச் 14

வாலு,

நான் அழுதேன். அச்சகத்தில், என் மேசையில், ஒரு கல்லூரி ஆண்டு மலரின் முன்னுரைமேல். அந்தப் பக்கத்தை மறுபடி அச்செடுக்க வேண்டியதாயிற்று.

அன்று ஏழு மணிக்கே சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். "கேஸ மூடினியா" என்றார். மூடினேன் என்றேன். வைத்துவிட்டார். ஊர்ப்பட்ட வாக்கியங்களைத் திருத்துகிற எனக்கு, போனில் ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அதனால் குழுவில் எழுதினேன். நீ பார்த்திருப்பாய், ஆனாலும் இங்கே எழுதுகிறேன், எனக்கே இன்னொரு முறை படிக்க வேண்டும்:

"நண்பர்களே, நான் அச்சகத்தில் வேலை செய்பவள். எங்களிடம் ஒரு தாளில் சிவப்பு மை பட்டால், பிடித்திருக்கிறது, சுத்தமாக எழுதி மறுபடி கொண்டு வாருங்கள் என்று அர்த்தம். இது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். இனிமேல் யார் என்ன கேட்டாலும் முதலில் பதில், பிறகுதான் திருத்தம். அதுவும் வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும், தனியாக. வேண்டுமென்றால் பதிவின் கடைசியில் 'பேனா' என்று எழுதுங்கள். ஒருவரிடம் என் சிவப்பு மை பட்ட பழைய தாள் ஒன்று இருக்கிறது. அதற்கும் பதில் உண்டு. சுத்தமான பிரதி வந்தால் சொல்கிறேன்."

டீச்சரம்மாவுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு, நீ சொல்லிக்கொடுத்தபடி தண்ணீர்க் குழாயை எப்படி இறுக்குவது என்று படிப்படியாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன் படித்திருப்பாரா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் நல்ல செய்தி. கூட்டம் திரும்பி வந்துவிட்டது. டீச்சரம்மாவும் வந்துவிட்டார், தரை காய்ந்துவிட்டதாம். இரண்டு வாரத்தில் அறுபத்து மூன்று பேர் 'பேனா' என்று எழுதியிருக்கிறார்கள். திருத்து என்று வரிசையில் நிற்கிறார்கள், இதை எங்கே போய்ச் சொல்வது. முப்பது வரி மனிதர் ஞாபகம் இருக்கிறதா? இப்போது பத்தி பிரித்து எழுதுகிறார். மெஷினுக்குத் தனிப் பத்தி, மாமியாருக்குத் தனிப் பத்தி. இரண்டு பேருக்கும் பதில் போயிருக்கிறது. சண்டையே இல்லை, எனக்குத்தான் காலையில் பொழுது போகமாட்டேன் என்கிறது.

ஸ்பேனர் இன்னும் எழுதவில்லை. வாக்கை மீறியதற்கு எனக்கு அர்ச்சனை மட்டும் நன்றாகக் கிடைத்தது. ஆனால் நேற்று ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கண்ணிக்குக் கோடு போட்ட பேப்பர் பிடிக்குமா, போடாததா?"

"எதுக்குண்ணே?"

"சும்மா கேட்டேன். லிஃப்ட் மோட்டாரத் துடைக்க."

கோடு போடாதது என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

வாலு


ஏப்ரல் 11

என் அருமை வாலுக்கு,

கோடு போட்டதுதான் எனக்குப் பிடிக்கும். பரவாயில்லை, அவரே பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. கனமான உறை. உள்ளே பழைய எட்டுப் பக்கம், மடிப்பில் கிரீஸ் கறையோடு. அதன் கீழே புதிதாக எட்டுப் பக்கம். அதே கடிதம், வாலு. லிஃப்டில் மாட்டிய கதை, உங்கள் அப்பா கடை, உன் சேட்டை, ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நான் குறித்த பதினேழு இடத்தையும் சரிசெய்து, நிறுத்தி நிதானமாக எழுதியிருக்கிறார். கடைசி வரியில் அதே கேள்வி. அதற்குக் கீழே மட்டும் புதிதாக ஒரே ஒரு சொல்: பேனா.

நான் அவரிடம் போனில் கடிதம் வந்தது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேஸை மூடினேனா என்பதை மட்டும் அன்று மூன்று தடவை கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த பிரதி. நாலு நாள் வைத்துப் படித்தேன். இன்று காலை அச்சகம் போகும் வழியில் தபாலில் சேர்த்துவிட்டேன். நாம் போட்ட விதியை நாமே மீறலாமா? அதனால் கேள்விக்குப் பக்கத்தில் முதலில் பதிலை எழுதினேன்: "எனக்கே பிடித்துத்தான். பெண் பார்க்க வந்த அன்றே." அதற்குக் கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் பக்கத்தில் புதிதாக ஒரு பிழை செய்திருக்கிறார். அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணி