படுக்க வைத்த சிலிண்டர்

மச்சான், நம்ம எஞ்சினைப் பார்த்து யாரோ அவங்க படகிலும் கேஸ் மாட்டிட்டாங்கடா, ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் ஓடுதாம், ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம பதிவுக்குப் பின்னூட்டம் வந்திருக்கு!

நேற்று மத்தியானம், சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் ஆள் இல்லாத நேரம். சும்மா நம் வலைப்பூவைத் திறந்தேன். "அண்ணே, ஒங்க படத்த பாத்து அப்புடியே செஞ்சோம். வாய்க்கால்ல சூப்பரா ஓடுது. அமாவாச கழிச்சு கடல்ல எறக்கப் போறோம்" என்று எழுதி, ஒரு படத்துக்கு இணைப்பும் கொடுத்திருந்தார்கள். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். நீ இருந்திருந்தால் அந்த நொடியே போன் அடித்துக் கத்தியிருப்பேன்.

அப்புறம் படம் திறந்தது. நம் கடை நெட்டைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக. முதலில் வானம். பிறகு படகின் விளிம்பு. பிறகு சிலிண்டர். படுத்திருந்தது. நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உருண்டுவிடாமல் இருக்க அடியில் ஒரு சிவப்புத் துண்டைச் சுருட்டிச் சொருகியிருந்தார்கள்.

அந்தத் துண்டு செய்முறையிலேயே இல்லை மச்சான், நம் படத்தில் தெரிவதோடு சரி. முட்டுக்கொடுக்கக் கட்டை கிடைக்காமல் உன் தோளில் கிடந்ததை உருவிச் சொருகினோம், அவ்வளவுதான். உன்னைக் கரைக்குக் கொண்டுவந்த அன்று துண்டு மட்டும் வரவில்லை. நேற்று அது என் திரையில் வந்து நின்றது.

சுனாமிக்குப் பிறகு உங்கள் தெருவுக்கு நிவாரணமாக வந்த எஞ்சின்களில் ஒன்று அது. "இது எஞ்சின் இல்லடா, எங்க மாமனாரு. ஊத்த ஊத்த குடிக்குது, வேலைன்னா படுத்துக்குது" என்பாய். கேஸில் ஓட்டலாம் என்று சொன்னவன் நான். பாலிடெக்னிக் பக்கம்கூடப் போகாதவன். எங்கோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஜெனரேட்டரைக் கேஸுக்கு மாற்றியதை இணையத்தில் படித்துவிட்டு, மூன்று மாதம் உன் உயிரை எடுத்தேன். கார்புரேட்டரின் வாயில் ஒரு பித்தளைக் குழாய், அதற்கு ரப்பர் டியூப், மறுமுனையில் அடுப்புக்குப் போடுகிற ரெகுலேட்டர். தண்ணீர் டிரம்மில் எஞ்சினை மாட்டி, கரையில் சிலிண்டரை நிற்க வைத்து, கயிற்றை இழுத்தாய். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகையே இல்லை! நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

படகில் ஏற்றியபோதுதான் சிக்கல். சிலிண்டர் நிற்கவில்லை.

"சாயுதுடா. படுக்க வெச்சுடலாமா?" என்றாய்.

"வெச்சுடு. ஆட்டோவுல படுத்துத்தானே கெடக்கு."

கயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாய். "வீட்ல நிக்க வெச்சுதானே எரியுது? நெட்ல பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்டா, நீ கட்டு."

நான் பார்க்கவில்லை.

உப்பனாற்றில் அரை மணி நேரம் ஓட்டினோம். அழகாக ஓடியது. சிலிண்டர்மேல் கையைப் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நீ சிரித்ததை என் போனில் எடுத்தேன். அன்றைக்கே பதிவு போட்டேன். தலைப்பில் மூன்று ஆச்சரியக்குறி.

அடுத்த வாரம் நீ கடலுக்குப் போனாய். உன்னுடன் வந்து நீந்திக் கரையேறிய உன் சித்தப்பா சொன்னதுதான் எனக்குத் தெரியும். "மொகத்துவாரத்துல திடீர்னு எஞ்சின் அடங்கிடுச்சுப்பா. ரெகுலேட்டரு, டியூபு எல்லாம் வெள்ள வெள்ளயா பூத்துக் கெடக்கு, ஐஸ் பொட்டியாட்டம். இவன் துண்ட எடுத்து தேய்க்கறான், தேய்க்கறான். படகு குறுக்க திரும்புனத பாக்கவே இல்ல. அலை பொரட்டிடுச்சு."

ஊரில் எல்லோரும் அலை என்றார்கள். நானும் அலை என்றேன்.

உன் காரியம் முடிந்த மறுநாள்தான் தேடினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை மச்சான். சிலிண்டர் நின்றால் மேலே இருக்கிற ஆவி மட்டும் வரும். படுத்தால், அது நிறைந்திருக்கும்போது, உள்ளே இருக்கிற திரவமே வெளியே வரும். அது ரெகுலேட்டரை உறைய வைத்துவிடும். ஆட்டோவில் அந்தத் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கென்றே தனியாக ஒரு பாகம் இருக்கிறது. நம்மிடம் இல்லை. உப்பனாற்றில் ஓடியபோது நம் சிலிண்டர் பாதிக்குமேல் காலி, அதனால் பிழைத்தோம். கடலுக்கு நீ நிறைந்த சிலிண்டரை எடுத்துப் போனாய்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. பதிவையும் எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி அவ்வப்போது வந்து, "அண்ணா, அந்தப் படத்த காட்டுங்க" என்று என் போனை வாங்கிப் பார்ப்பாள். நீ பல் தெரியச் சிரிக்கிற படம் வேறு கிடையாது. அவளுக்காகத்தான் விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது கடையில் யாராவது "பாத்துட்டியா?" என்று கேட்டால், அது வெறும் ரயில் நேரமாக இருந்தால்கூட இன்னொரு தடவை திறந்து பார்க்காமல் என் வாயிலிருந்து பதில் வராது. இரண்டு வருஷமாக அப்படித்தான். ஆனால் நம் பதிவை மட்டும் திறந்து திருத்தவில்லை.

இன்று காலை முதுநகர் மார்க்கெட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"என்னண்ணா, வேலைக்குப் போவல? மூஞ்சி ஏன் இப்புடி இருக்கு?"

சொன்னேன். ஒன்றுவிடாமல். அவள் கை நின்றது.

"அவரு கேட்டாரா? பாத்துட்டியான்னு?"

"கேட்டான்."

"நீங்க பாத்துட்டேன்னீங்க."

"ஆமாம்மா."

தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு மீனுக்குச் செதில் சுரண்டினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, நிமிராமலே கேட்டாள்.

"அமாவாச என்னைக்கு?"

"நாளைக்கு."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க? போயி எழுதுங்க."

எழுதுகிறேன். பின்னூட்டம் போட்டவர் பெயர் இல்லை, 'பெயரில்லா' என்றுதான் இருக்கிறது. ஊரும் இல்லை, போன் எண்ணும் இல்லை. நேற்றிலிருந்து அதன் கீழே ஏழு பதில் போட்டுவிட்டேன். மறுபடி வந்து பார்த்த அடையாளமே இல்லை. பழைய பதிவில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அதே இடத்தில்தான் இதை எழுதுகிறேன். படத்தை மட்டும் இங்கே போட்டு, சிலிண்டரின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். உன் முகத்தில் படாமல் இழுக்க முடிந்தது மச்சான். கையில் படாமல் இழுக்க முடியவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம். இதை அனுப்புங்கள். கடலோரத்தில் ஒரே ஒருவரைத் தெரிந்திருந்தாலும் போன் போட்டுச் சொல்லுங்கள். என் பழைய பதிவை நகல் எடுத்துப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த எஞ்சினோடு கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், வாய்க்காலில் ஓடியதை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளை மறுநாள் விடிவதற்குள் அந்தப் படகைக் கண்டுபிடிக்க வேண்டும். சிலிண்டர் படுத்திருக்கும். நீலக் கயிறு கட்டியிருக்கும். அடியில் ஒரு சிவப்புத் துண்டு இருக்கும்.