கன்னியம்மாளுக்கு மூக்கு

மாசி 4, திங்கள்
காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வாங்க வேண்டியவை: கறுப்பு மை, ரப்பர், அம்மாவுக்குத் தைலம்.

ஆவடி முகாம் ஆஸ்பத்திரியில் நாளை வகுப்பு. சண்டையில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு முகம் ஒட்டப் பழக இளம் டாக்டர்கள் வந்திருக்கிறார்கள். பெரிய டாக்டர், வெள்ளைக்கார துரை, அறுப்பார். பாடத்துக்குப் படம் வரைவதும், நோயாளியிடம் தமிழில் பேசுவதும் என் வேலை.

நாளைய ஆள் சிப்பாய் இல்லை. கள்ளிக்குப்பம் கன்னியம்மாள். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனவளைப் புருஷன் களத்துமேட்டில் மடக்கி, நெஞ்சில் முட்டி போட்டு உட்கார்ந்து, கருக்கரிவாளால் மூக்கை அறுத்திருக்கிறான். மிச்சம் இரண்டு ஓட்டை. அவன் என் கையில் கிடைத்தால் மென்னியைத் திருகுவேன்.

அவளோ மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை பூந்தமல்லி கோர்ட்டில் கேஸ்.

"மூக்கு வந்துட்டா, இன்னாத்த அறுத்தான்னு கேப்பாங்க அண்ணாத்தே. அவன் வெளிய வந்தா அடுத்தது கழுத்துதான்."

துரையிடம் சொன்னேன். வெள்ளிக்குள் எங்கே முடியும் என்றார். நெற்றித் தோலை முழுக்க வெட்டாமல், புருவத்தருகே காம்பு விட்டு, கீழே திருப்பி மூக்கில் தைப்பாராம். காம்பு வழியாகத்தான் ரத்தம். புது இடத்தில் பிடித்த பிறகே காம்பை வெட்டுவது. அதுவரை பார்க்கச் சகிக்காது.

"அப்டின்னா சரி" என்றாள்.

மாசி 5, செவ்வாய்
குளோரோபார்ம் நெடி. தலைவலி. மெழுகில் மூக்கு பிடித்து, அதன்மேல் துணி போர்த்தி அளவெடுத்து, நெற்றியில் கோடு. பிறகு கத்தி. ஒரு டாக்டர் மயங்கி விழுந்தார், முறுக்கு மீசை வேறு. தைத்த தோல் வெளுத்துக் கிடந்தது. மெல்லச் சிவந்தது. துரை சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மாசி 8, வெள்ளி
கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல்: "மூக்குதான் வைத்தாகிவிட்டதே, எசமான்!"

அவளே கட்டை அவிழ்த்தாள். தையல் போட்ட நெற்றி, புருவ நடுவே முறுக்கிய சதை, வீங்கிய மூக்கு. யாரோ வாந்தி எடுத்தார்கள். கூண்டிலிருந்து புருஷன் கத்தினான்: "இன்னும் எவனுக்குடி மினுக்கிக்கினு கீற?"

அந்த ஒரு வார்த்தையே நீதிபதிக்குப் போதும். ஜெயில்.

வாசலில் வண்டிக்கு நின்றோம். கூட்டத்திலிருந்து புருஷனின் அண்ணன் பாய்ந்தான். "என் தம்பிய உள்ள தள்ளிட்டு உனக்கு மூக்கு கேக்குதா?" புது மூக்கில் விரலை மாட்டி இழுத்தான். துணி கிழிகிற மாதிரி சத்தம். காம்போடு வந்துவிட்டது.

கோர்ட்டில் காட்டக் கொண்டுவந்த படப்பலகையால் அவன் வாயில் அடித்தேன். பலகை உடைகிறவரை அடித்தேன். பல் தெறித்தது. போலீஸ்காரர் பிடித்து இழுத்தார். இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மாசி 9, சனி
வலது கை வீக்கம். எழுத்து கோணல்.

பிய்ந்த தோல் செத்துவிட்டது, ஒட்டாது என்றார் துரை. நெற்றியில் இன்னொரு பக்கம் பாக்கி. புண் ஆறட்டும், அவள் சம்மதித்தால் பார்க்கலாம் என்றார்.

டாக்டர்களுக்கு இன்று ரெயில். மூட்டை கட்டிவிட்டு வாசலில் நின்றார்கள். கட்டுக்குள்ளிருந்து அவள் குரல்.

"அவங்கள போவ வேணாம்னு சொல்லு அண்ணாத்தே. எங்க பக்கத்துல மூக்கு இல்லாம முக்காடு போட்டுக்கினு இன்னும் ரெண்டு பொண்ணுங்க கீது. ஒரு தபா பாத்தா கை பழகுமா? இன்னொரு தபா என் மூஞ்சியில பாத்து, ஒழுங்கா கத்துக்கினு போவச் சொல்லு."

இங்கிலீஷில் சொன்னேன். மீசைக்காரர் மூட்டையைக் கீழே வைத்தார்.