எட்டு இருபது மீசை

அன்பு மகள் ஓரெலிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. ஒசாகாவில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? படம் வரையும் பென்சிலையே கடித்துக்கொண்டு இருக்காதே. இங்கே லெ லோக்லில் மே மாதம் வந்தும் பனி போக மனசில்லாமல் கிடக்கிறது.

எங்கள் கடிகாரப் பட்டறையில் நடந்ததைக் கேள். சின்ன வயதில் டிவியில் நீ உயிராய்ப் பார்த்த ஏரிப் பூதம் புர்லு இப்போது கைக்கடிகாரமாகிவிட்டான். தங்கத்தில் செய்தது, மொத்தம் பன்னிரண்டுதான், விலையைச் சொன்னால் உனக்கு மயக்கம் வரும். அவன் முகம்தான் கடிகார முகம், இரண்டு முட்களும் மூக்குக்குக் கீழே மீசை. உள்ளே இருப்பதெல்லாம் அப்பா கோத்தது. நான் வார் மாட்டினேன். பொம்மைக்கு இவ்வளவு வேலையா என்று அப்பா நாலு மாதமும் முணுமுணுத்தார், ஆனால் யாரையும் தொட விடவில்லை.

போன வியாழக்கிழமை புர்லுவின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பெண்கள் பாரிஸிலிருந்து பார்க்க வந்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், கடிகாரத்தைப் பார்வைக்கு வைத்தால் முள்ளைப் பத்து பத்தில்தான் நிறுத்துவோம். பன்னிரண்டையும் அப்படியே நிறுத்தி வைத்திருந்தோம். பன்னிரண்டு புர்லுவும் முறுக்கு மீசையோடு சண்டைக்கு நிற்கிறான்கள். பெரியவள், "இது எங்க புர்லு இல்லைங்க, யாரோ ரவுடி" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கையில் எடுத்துவிட்டாள். முதலாளி ஜாக்கார் வெளுத்துப்போனார். நானும்தான். நாலு மாத உழைப்பாயிற்றே.

அப்போது உன் அப்பா மேசையிலிருந்து எழுந்து வந்தார், பூதக்கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது. ஒன்றை எடுத்துத் திருகி முள்ளை எட்டு இருபதில் வைத்தார். மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது. "இவனுக்குக் கோபமே வராதும்மா. படகைக் கவிழ்த்துட்டு இவனேதான் கரையில உக்காந்து அழுவான். மன்னிப்புக் கேக்கத் தெரியாம மீன் புடிச்சுக் குடுப்பான்" என்றார். அந்தப் பெண் கோட்டை நாற்காலியிலேயே போட்டுவிட்டாள். பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில், நீயும் நானும் புர்லு பார்க்கும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பேப்பர்ல ஓட்டை இருந்துச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "கிறுக்கினா வயிறு நிறையுமான்னு அன்னிக்கு அவகிட்ட கேட்டேனே, அதைக் கேட்டிருக்கக் கூடாது ஜோசியான்" என்றார். நாலு வருஷம் கழித்துச் சொல்கிறார், என்னிடம்! உன்னிடம் சொல்ல அவருக்கு வாய் வராது. நீயும் சளைத்தவள் இல்லை. அவர் போனை எடுத்தால் "அம்மா இருக்காங்களா" என்பதைத் தவிர வேறு வார்த்தை உனக்கு வருவதில்லை. நேற்று ஏரிக்குப் போய் மூன்று மீன் பிடித்து வந்தார். யாருக்கு என்று கேட்டேன், கத்தியைத் தேடப் போய்விட்டார்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படி. உடம்பைப் பார்த்துக்கொள், நீ வரைவதெல்லாம் நல்லபடியாக வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை எட்டு இருபதுக்குப் போன் செய். அவர்தான் எடுப்பார். அம்மா இருக்காங்களா என்று கேட்காதே, நான் ரொட்டி வாங்கப் போயிருப்பேன், மெதுவாகத்தான் வருவேன்.

இப்படிக்கு, முழங்கால் வலியோடு முத்தங்களும் அனுப்பும்
அம்மா ஜோசியான்