பாதி சிவப்பு, பாதி பச்சை மஃப்ளர்

ஏப்ரல் 9, 2016

வர்றாங்க, நிஜமாவே வர்றாங்க, இங்கிலாந்தின் இந்த மூலைக்கு, எங்கள் தோர்ன்பி டவுன் ஃபுட்பால் ஆடுவதைப் பார்க்க, ஜெர்மனியிலிருந்து இருபது பேர் கொடியோடு வர்றாங்க.

நாங்கள் ஐந்தாம் டிவிஷன். மழை பெய்தால் உள்ளூர்க்காரனே வரமாட்டான். யூட்யூப் பார்த்துக் கற்ற என் ஓட்டை ஜெர்மனில் பேசிப் பேசியே வீப்கெவைச் சம்மதிக்க வைத்தேன். அவள் எவர்ஸ்டோர்ஃப் என்ற ஜெர்மன் கிளப்பின் ரசிகர் மன்றச் செயலாளர். எங்கள் ரசிகர்களுக்கு அப்பாதான் தலைவர் மாதிரி. மாதிரிதான்; யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

"வரட்டும்மா, பீர் வாங்கித் தர்றேன்" என்றார்.

ஏப்ரல் 30

இரண்டுக்கு இரண்டு. மேட்ச் நல்லா போச்சு. அப்புறம்தான் —

பப்பில் வீப்கெ ஒரு பெட்டியைத் திறந்தாள். மஃப்ளர்கள். பாதி எங்கள் சிவப்பு, பாதி அவர்கள் பச்சை, கையால் தைத்தது. அங்கே இரண்டு கிளப் நட்பாகிவிட்டால் ஆயுசுக்கும் இதைத்தான் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். இங்கே பாதிப்பாதி மஃப்ளர் போடுபவன் எந்த டீமுக்கும் உண்மையில்லாதவன். எனக்கு ஏன் இது முன்னாடியே தோணல? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினேனே.

பப் முழுக்கச் சிரிப்பு. "இதைப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா என் நாயே என்னைப் பார்த்துக் குரைக்கும்" என்றார் அப்பா.

வீப்கெ அடுத்து எடுத்தது இரண்டு ரசிகர் கூட்டமும் சேர்ந்து தொடங்கும் சங்கத்துக்கான விதிமுறை, அப்பா கையெழுத்துப் போட.

"பீர் குடிக்க எதுக்கும்மா கையெழுத்து?" என்றார் அப்பா. " நீங்க வந்தீங்க, அடுத்து நாங்க வருவோம். அவ்வளவுதானே."

"வராம போயிட்டா?" வீப்கெ சிரிக்கவில்லை.

மே 1

வீப்கெவை ரயிலேற்றிவிடப் போனேன். "உங்கப்பாவுக்குத் தனியா நிக்கிறது பெருமை. எங்களுக்கு அது பயம்டி. எங்க நாடு தனியா நின்னப்ப, உலகப் போர்ல, என்னவெல்லாம் பண்ணோம்னு எங்களுக்குத் தெரியும். அதான் எல்லாத்தையும் சேர்ந்து எழுதி வைக்கிறோம்."

பெட்டியை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 24

ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறுகிறோம். நான் போட்ட முதல் ஓட்டே தோத்துடுச்சு.

அப்பா வெளியேறத்தான் போட்டிருக்கார். கத்தினேன். அவர் கத்தவில்லை, டீ போட்டுக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு மேல எனக்கென்ன கோபம்? வீட்டுக்கு வரட்டும், சாப்பிடட்டும், தங்கட்டும். வீட்டுச் சாவியைக் கேக்காதேன்னுதான் சொல்றேன்."

அவர் சொல்றதும் நியாயம் மாதிரியே இருக்கு. அதுதான் எரிச்சல்.

ஜூலை 2

வீப்கெவின் மெசேஜ்: "ஆகஸ்ட்ல எங்க முதல் மேட்ச். வர்றவங்க பேரை எழுத்துல அனுப்பு. ஒரு பேராவது. இல்லைன்னா இந்த நட்பை முடிச்சுக்கலாம்னு மன்றத்துல பேசுறாங்க."

ஜூலை 5

யார் வர்றீங்கன்னு எங்க ரசிகர்களோட ஆன்லைன் பக்கத்துல கேட்டேன். எங்க ஆளு ஒருத்தன்கூட பதில் போடல.

ஜூலை 9

தோட்டத்துத் துணிக்கொடியில் ஒரு மஃப்ளர் காய்கிறது. பாதி சிவப்பு, பாதி பச்சை.

"பீர் கொட்டி நாறிச்சு" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். அப்புறம், "கப்பல் எத்தனை மணிக்கு?"

"கையெழுத்து?"

"நான் போட மாட்டேன். பேரை வேணா நீ எழுதிக்கோ."

ரசிகர் பக்கத்தில் இப்போதுதான் போட்டேன்:

எவர்ஸ்டோர்ஃப் போறோம். முதல் பேர் ட்ரெவர், எங்கப்பா. நாய் குரைச்சா குரைக்கட்டும். பெட்டி நிறைய மஃப்ளர் இருக்கு. யார் யார் வர்றீங்க? கீழே பேரைப் போடுங்க.